பிஹெச்பிக்கு டேட்டாபேஸ் டிரைவர் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பிஹெச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கட்டளைகளையும் பேக்கேஜ் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாமே சிற்றெழுத்துதான்.

மைஎஸ்கியூஎல் சர்வரையே நிறுவிவிட்டேன். அப்புறம் எதற்குத் தனியாக டிரைவர்?

இங்கே மூன்று பொருட்கள் இருக்கின்றன. முதலாவது தரவுத்தள சர்வர். அது உங்கள் கணினியிலும் ஓடலாம், வேறெங்கோ இருக்கிற கணினியிலும் ஓடலாம். இரண்டாவது கிளையன்ட் லைப்ரரி: அந்த சர்வரின் மொழியைப் பேசத் தெரிந்த சி மொழி நூலகம். போஸ்ட்கிரெஸுக்கு லிப்பிகியூ, ஆரக்கிளுக்கு இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. மூன்றாவதுதான் பிஹெச்பி எக்ஸ்டென்ஷன். அந்த நூலகத்தை பிஹெச்பி நிரலுக்குள்ளிருந்து கூப்பிட வழி செய்யும் ஒரு .எஸ்ஓ கோப்பு. நாம் டிரைவர் என்று சொல்வது இதைத்தான்.

சர்வரை நிறுவினால் டிரைவர் கூடவே வராது. சர்வர் வேறு கணினியில் இருந்தால் உங்கள் கணினியில் அதை நிறுவவே தேவையில்லை, டிரைவர் போதும்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டுக்கும் ஒரு சலுகை உண்டு. மைஎஸ்கியூஎல்என்டி என்ற நூலகம் பிஹெச்பியோடு சேர்ந்தே வருகிறது. 5.3-இல் அறிமுகமாகி, 5.4 முதல் அதுவே இயல்புநிலை ஆனது. 8.2 முதல் மைஎஸ்கியூஎல்ஐ எக்ஸ்டென்ஷனை (மைஎஸ்கியூஎல், மரியாடிபிக்கு மட்டுமான டிரைவர்) வெளி நூலகத்தோடு கட்டவே முடியாது. ஆகவே, "முதலில் மைஎஸ்கியூஎல் கிளையன்ட் லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜைப் போடு" என்று தொடங்கும் பழைய வழிகாட்டி எதையாவது பார்த்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

"குட் நாட் ஃபைண்ட் டிரைவர்" என்று பிழை வருகிறது. கடவுச்சொல் தப்பா?

இல்லை. இந்தப் பிழை வரும்போது பிஹெச்பி இன்னும் சர்வர் பக்கமே போகவில்லை. பிடிஓவிடம் (பிஹெச்பியில் பல தரவுத்தளங்களுக்கும் பொதுவான இணைப்பு இடைமுகம்) நீங்கள் கொடுத்த இணைப்பு வரியின் முதல் சொல்லை, அதாவது முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் "மைஎஸ்கியூஎல்" அல்லது "பிஜிஎஸ்கியூஎல்" என்பதை, அது எடுத்துப் பார்க்கிறது. அந்தப் பெயரில் எந்த டிரைவரும் பதிவாகவில்லை என்றால் உடனே கையை விரித்துவிடும். பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் எதையும் அது இன்னும் தொடவில்லை. கான்ஃபிக் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி ஒரு மதியத்தைத் தொலைத்தவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். டிரைவர் நிறுவப்படவே இல்லை. அல்லது நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் இயக்கப்படவில்லை. அல்லது நிறுவி இயக்கியும் இருக்கிறது, ஆனால் வேறொரு பிஹெச்பிக்கு. அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. இணைப்பு வரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே செய்திதான் வரும். போஸ்ட்கிரெஸுக்கு "பிஜிஎஸ்கியூஎல்" என்று எழுத வேண்டிய இடத்தில் "போஸ்ட்கிரெஸ்" என்று எழுதிவிட்டு டிரைவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலில் "பிஹெச்பி -எம்" என்று அடித்துப் பாருங்கள். ஏற்றப்பட்ட எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல் வரும். அதில் பிடிஓ_மைஎஸ்கியூஎல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் பிடிஓ மட்டும் இருந்தால் போதாது. பிடிஓ என்பது பொதுவான சட்டகம், அதன் மேல்தான் ஒவ்வொரு தரவுத்தளத்துக்குமான டிரைவர் உட்கார வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்தும் வலைப்பக்கத்தில் பிழை வந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

டெர்மினலில் டிரைவர் இருக்கிறது. வலைப்பக்கத்தில் இல்லை. எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் கணினியில் இருப்பது ஒரு பிஹெச்பி இல்லை. டெர்மினலில் ஓடுவது ஒன்று. என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வருக்குப் பின்னால் எஃப்பிஎம் என்ற தனிச் சேவையாக ஓடுவது இன்னொன்று. அப்பாச்சி வலை சர்வருக்குள் மாட்யூலாக ஓடுவது மூன்றாவது. இவற்றின் பதிப்பு எண்ணே வேறுபடலாம். பதிப்பு ஒன்றாக இருந்தாலும் அமைப்புக் கோப்புகள் தனித்தனி. டெபியன் வழி வந்த கணினிகளில் /இடிசி/பிஹெச்பி/8.3/ என்ற அடைவுக்குள் சிஎல்ஐ, எஃப்பிஎம், அப்பாச்சி2 என்று தனித்தனி அறைகள் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்றில் இயக்கிய எக்ஸ்டென்ஷன் மற்றதில் இயங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்" கட்டளையால் பிஹெச்பி பதிப்பை மாற்றிவிட்டதாக நினைப்பது இங்கே பெரிய பொறி. அது டெர்மினலில் "பிஹெச்பி" என்று அடித்தால் எது ஓட வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். வலைத்தளம் பழைய எஃப்பிஎம் சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானுக்கும் இதே கதைதான்: அங்கே பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) வேறாக இருந்து வேறு பதிப்பு கிடைத்துவிடலாம். கிரானில் பிஹெச்பியின் முழுப் பாதையையும் எழுதிவிடுவது நல்லது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? டெர்மினலில் "பிஹெச்பி --ஐஎன்ஐ" என்று அடித்தால் எந்த அமைப்புக் கோப்புகள் படிக்கப்பட்டன என்று சொல்லும். வலைப் பக்கத்துக்கு, பிஹெச்பிஇன்ஃபோ செயற்கூறை மட்டும் கூப்பிடும் ஒரு சின்னக் கோப்பை வைத்து உலாவியில் திறக்க வேண்டும். பதிப்பு எண், "சர்வர் ஏபிஐ", "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" ஆகிய மூன்றையும் டெர்மினல் சொன்னதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். சர்வரின் உள்விவரம் முழுவதையும் அது ஊருக்கே படித்துக் காட்டும்.

இன்னொன்று: எக்ஸ்டென்ஷன்கள் பிஹெச்பி தொடங்கும்போதுதான் ஏறும். டெர்மினலில் ஒவ்வொரு கட்டளையும் புதிதாகத் தொடங்குவதால் டிரைவர் உடனே தெரிகிறது. எஃப்பிஎம் நேற்றிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும்: "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஹெச்பி8.3-எஃப்பிஎம்". என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. அப்பாச்சி மாட்யூல் என்றால் அப்பாச்சியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ: எதைப் போடுவது?

பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஒரே பேக்கேஜில் இரண்டும் வந்துவிடும் என்பதால் நிறுவும்போது இந்தக் கேள்வியே எழாது. நிரல் எழுதும்போது எது என்றால், என் கை பிடிஓ பக்கம்தான் போகும். பல தரவுத்தளங்களுக்கும் ஒரே இடைமுகம் என்பது அதில் வசதி. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதைக் கேட்கிறதோ அதை முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸ் மைஎஸ்கியூஎல்ஐ கேட்கும், லாராவெல் பிடிஓ கேட்கும்.

"ஐ" இல்லாத பழைய மைஎஸ்கியூஎல் எக்ஸ்டென்ஷனைத் தேடி வந்திருந்தால், அது 5.5-இலேயே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. எதை நிறுவினாலும் திரும்பி வராது. நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

டெபியன், உபுண்டுவில் எப்படி நிறுவுவது?

"ஆப்ட் இன்ஸ்டால் பிஹெச்பி-மைஎஸ்கியூஎல்" என்று அடித்தால் மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ டிரைவர் இரண்டும் வரும். போஸ்ட்கிரெஸுக்கு பிஹெச்பி-பிஜிஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்டுக்கு பிஹெச்பி-எஸ்கியூலைட்3, ஓடிபிசிக்கு (பல தரவுத்தளங்களுக்குமான ஒரு பொது இணைப்பு முறை) பிஹெச்பி-ஓடிபிசி.

எண் இல்லாத இந்தப் பெயர்கள் அந்தந்தக் களஞ்சியத்தின் இயல்புப் பதிப்பைச் சுட்டுகின்றன. டெபியன் 12-இல் அது 8.2, டெபியன் 13-இல் 8.4, உபுண்டு 22.04-இல் 8.1, உபுண்டு 24.04-இல் 8.3. விநியோகத்தின் சொந்தக் களஞ்சியம் மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. பல பதிப்புகளைத் தரும் சூரி களஞ்சியத்தைச் சேர்த்திருந்தால் கதை மாறும்: உங்கள் தளம் 8.1-இல் ஓடும், நீங்கள் எண் இல்லாமல் கேட்ட டிரைவரோ அப்போதைய புதிய பதிப்புக்கு வந்து இறங்கும், கூடவே அந்தப் புதிய பிஹெச்பியையும் இழுத்து வரும். எனவே எண்ணோடு கேளுங்கள்: பிஹெச்பி8.1-மைஎஸ்கியூஎல்.

நிறுவியதும் டிரைவர் தானாக இயங்கிவிடும். யாராவது முன்பு அணைத்து வைத்திருந்தால் "பிஹெச்பிஎன்மாட்" என்ற கட்டளையோடு எக்ஸ்டென்ஷன் பெயரைக் கொடுத்து இயக்கலாம். பிஹெச்பி.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, அரைப்புள்ளியால் மறைத்து வைத்த எக்ஸ்டென்ஷன் வரியைத் திறந்துவிடும் பழக்கம் விண்டோஸிலிருந்து வந்தது. இங்கே அது தேவையில்லை. செய்தால் ஒரே எக்ஸ்டென்ஷன் இருமுறை ஏறப் பார்த்து, "ஆல்ரெடி லோடட்" என்ற எச்சரிக்கை லாகை நிரப்பும்.

ரெட் ஹேட், அல்மா, ராக்கி, ஃபெடோராவில்?

"டிஎன்எஃப் இன்ஸ்டால் பிஹெச்பி-மைஎஸ்கியூஎல்என்டி". போஸ்ட்கிரெஸுக்கு பிஹெச்பி-பிஜிஎஸ்கியூஎல். எஸ்கியூலைட் டிரைவர் பிஹெச்பி-பிடிஓ பேக்கேஜுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்புகள் /இடிசி/பிஹெச்பி.டி அடைவில் இருக்கும். வேறு பதிப்பு வேண்டும் என்றால் பலரும் ரெமி களஞ்சியத்தை நாடுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் டிரைவருக்கு அப்பால் இருக்கிறது. டிரைவர் ஏறிவிட்டது, டெர்மினலில் இணைகிறது, வலையில் மட்டும் "பெர்மிஷன் டிநைட்". ஃபயர்வாலைப் பார்க்கிறீர்கள், சர்வரைப் பார்க்கிறீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. தடுப்பது எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு. வலை சர்வர் வேறு கணினியிலுள்ள தரவுத்தளத்தோடு பேச அது இயல்பாக அனுமதிப்பதில்லை. "செட்செபூல்" கட்டளைக்கு -பி (இது மட்டும் பெரிய எழுத்து), பிறகு "ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி", பிறகு 1 என்று கொடுத்தால் திறந்துவிடும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கதவைத் திறக்க வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

ஆல்பைன், ஃப்ரீபிஎஸ்டி, மேக்?

ஆல்பைனிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு பேக்கேஜ்: பிஹெச்பி83-மைஎஸ்கியூஎல்ஐ, பிஹெச்பி83-பிடிஓ_மைஎஸ்கியூஎல் என்ற பாணியில். முன்னதில் "ஏபிகே ஆட்", பின்னதில் "பிகேஜி இன்ஸ்டால்". ஃப்ரீபிஎஸ்டியில் அமைப்புக் கோப்புகள் /யுஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி அடியில் இருக்கும். /இடிசியில் தேடி ஏமாற வேண்டாம்.

மேக்ஓஎஸ் 12 முதல் ஆப்பிள் பிஹெச்பியை உடன் தருவதில்லை. ஹோம்ப்ரூ வழியாக நிறுவும் பிஹெச்பியில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் டிரைவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

டாக்கர் கன்டெய்னரில் "ஆப்ட் இன்ஸ்டால் பிஹெச்பி-மைஎஸ்கியூஎல்" கேட்க மாட்டேன் என்கிறதே?

பிஹெச்பியின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் டெபியன் மேல் கட்டப்பட்டது. ஆனால் அதிலுள்ள பிஹெச்பி டெபியன் பேக்கேஜ் இல்லை. மூலநிரலிலிருந்து கட்டி /யுஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தது. டெபியனின் டிரைவர் டெபியனின் பிஹெச்பிக்குத்தான் பொருந்தும். குழப்பம் வரக்கூடாது என்றே டெபியனின் பிஹெச்பி பேக்கேஜ்களை அந்த இமேஜில் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

டாக்கர்ஃபைலில் "டாக்கர்-பிஹெச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் பிடிஓ_மைஎஸ்கியூஎல் மைஎஸ்கியூஎல்ஐ" என்று ஒரு ரன் வரி போதும். போஸ்ட்கிரெஸ் என்றால் அதற்கு முன்னால் லிப்பிகியூ-டெவ் பேக்கேஜை நிறுவ வேண்டும். எஸ்கியூலைட் டிரைவர் உள்ளேயே உண்டு.

இமேஜின் அளவைக் குறைக்கிறேன் என்று கட்டி முடித்ததும் லிப்பிகியூ-டெவ்வை நீக்குவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தேவையற்றவற்றைத் தானாக நீக்கும் விருப்பத்தோடு நீக்கினால், அதைச் சார்ந்து வந்த லிப்பிகியூ5-உம் சேர்ந்து போய்விடும். டிரைவர் கோப்பு இருக்கும், அது தேடும் நூலகம் இருக்காது. லிப்பிகியூ5-ஐ முதலிலேயே தனியாகப் பெயர் சொல்லி நிறுவிவிட்டால் இது நடக்காது.

பெக்கல் வழியாக பிடிஓ_மைஎஸ்கியூஎல் நிறுவலாமா?

வேண்டாம். பெக்கல் என்பது பிஹெச்பி எக்ஸ்டென்ஷன்களின் களஞ்சியம். பிஹெச்பியோடு சேர்ந்து வரும் டிரைவர்களுக்கு பெக்கலில் இருப்பது 2006 காலத்து மிச்சம். இன்றைய பிஹெச்பியில் கட்டவே முடியாது. பிஹெச்பிக்கு வெளியே வளரும் டிரைவர்களுக்குத்தான் பெக்கல்: மாங்கோடிபி, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல்எஸ்ஆர்வி, 8.4-இலிருந்து வெளியே போய்விட்ட ஓசிஐ8. பெக்கலுக்கு மாற்றாக பை என்ற புதிய நிறுவியும் வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையும் பார்க்கலாம்.

பெக்கல் பின்னணியில் நிரலைத் தொகுக்கிறது என்பதை மறக்காதீர்கள். பிஹெச்பியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் (டெபியனில் பிஹெச்பி-டெவ், ரெட் ஹேட்டில் பிஹெச்பி-டெவெல்), சி தொகுப்பி, மேக் என்ற கட்டும் கருவி, ஆட்டோகான்ஃப் எல்லாம் தேவை. "கேனாட் ஃபைண்ட் ஆட்டோகான்ஃப்" என்று வந்தால் குறை அதுதான்.

பேக்கேஜ் கிடைக்கும் இடத்தில் கையால் தொகுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. தொகுத்தது வேலை செய்யும். அடுத்த பிஹெச்பி மேம்பாட்டில் அதை மறுபடி தொகுக்க யாரும் நினைவூட்ட மாட்டார்கள், சிக்கல் அங்கேதான். கட்டாயம் என்றால், உங்கள் பிஹெச்பியின் அதே பதிப்பு மூலநிரலை இறக்கி, அதில் "எக்ஸ்ட்" அடைவுக்குள் உரிய டிரைவர் அடைவுக்குப் போய், பிஹெச்பைஸ், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற வரிசையில் ஓட்டலாம். பல பதிப்புகள் இருந்தால் கான்ஃபிகருக்கு எந்த "பிஹெச்பி-கான்ஃபிக்" என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு ஐஎன்ஐ கோப்பில் "எக்ஸ்டென்ஷன்=பிடிஓ_மைஎஸ்கியூஎல்" என்று ஒரு வரி. 7.2 முதல் .எஸ்ஓ என்ற ஒட்டு வேண்டியதில்லை.

"மாட்யூல் ஏபிஐ" பொருந்தவில்லை என்கிறது. "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்றும் வருகிறது.

முதலாவது, ஒரு பதிப்புக்குக் கட்டிய டிரைவரை இன்னொரு பதிப்பில் ஏற்றப் பார்த்ததன் விளைவு. பிழைச்செய்தியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். அவை தேதி வடிவில் இருக்கும்: 20210902 என்றால் 8.1, 20220829 என்றால் 8.2, 20230831 என்றால் 8.3, 20240924 என்றால் 8.4. டிரைவர் எந்தப் பதிப்புக்குக் கட்டப்பட்டது, ஏற்ற முயன்ற பிஹெச்பி எது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். த்ரெட் சேஃப் வகை (ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓடக் கட்டியது), அல்லாத வகை என்ற வேறுபாடும் இப்படியே முரண்டு பிடிக்கும்.

இரண்டாவது பெரும்பாலும் வரிசைச் சிக்கல். பிடிஓ ஏறிய பிறகுதான் பிடிஓ_மைஎஸ்கியூஎல் ஏற முடியும். மைஎஸ்கியூஎல்என்டி ஏறிய பிறகுதான் மைஎஸ்கியூஎல்ஐ. அடைவிலுள்ள ஐஎன்ஐ கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. டெபியனில் 10-பிடிஓ, 20-மைஎஸ்கியூஎல்ஐ என்று முன்னால் எண் போட்டிருப்பது இதற்காகத்தான். நீங்களாக ஒரு கோப்பை உருவாக்கும்போது எண் போடாமல் விட்டால்கூடப் பரவாயில்லை, 05 என்று போட்டுவிடாதீர்கள்.

டிரைவர் ஏறிவிட்டது. இப்போது "2002, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. எந்தக் கோப்பு?

யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு, அதாவது ஒரே கணினிக்குள் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில். மைஎஸ்கியூஎல் டிரைவருக்கு "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் அது டிசிபி வழியே போகாது. கணினிக்குள் இருக்கும் சாக்கெட் கோப்பைத் தேடும். 127.0.0.1 என்று கொடுத்தால்தான் டிசிபி. சாக்கெட் இருக்கும் இடம் விநியோகத்துக்கு விநியோகம் மாறுகிறது: டெபியனில் /வார்/ரன்/மைஎஸ்கியூஎல்டி அடைவில், ரெட் ஹேட்டில் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் அடைவில். நீங்களே தொகுத்த பிஹெச்பி /டிஎம்பியில் தேடிக்கொண்டிருக்கலாம். ஐஎன்ஐ கோப்பில் "பிடிஓ_மைஎஸ்கியூஎல்.டிஃபால்ட்_சாக்கெட்" மதிப்பைத் திருத்தலாம், அல்லது 127.0.0.1 போட்டு முடித்துக்கொள்ளலாம்.

கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பதும் 127.0.0.1 என்பதும் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். தரவுத்தளம் ஓடும் கன்டெய்னரின் சர்வீஸ் பெயரைக் கொடுங்கள்.

2002 வந்தாலும் 1045 (பயனர் பெயரோ கடவுச்சொல்லோ மறுக்கப்பட்டது) வந்தாலும் ஒன்று நிச்சயம்: டிரைவர் வேலை செய்கிறது. இனி அதைக் கழற்றி மாட்ட வேண்டாம்.

"கேஷிங்_ஷா2_பாஸ்வேர்ட்" தெரியாது என்கிறதே?

மைஎஸ்கியூஎல் 8.0 இந்தப் புதிய அங்கீகார முறையை இயல்பாக்கியது. பிஹெச்பியின் டிரைவர் அதை முழுமையாகப் புரிந்துகொண்டது 7.4 முதல். அதனால் பழைய பிஹெச்பியும் புதிய சர்வரும் சேரும்போது இந்தத் தகராறு. பயனரைப் பழைய "நேட்டிவ்" முறைக்கு மாற்றுவது ஒரு தற்காலிக வழி. மைஎஸ்கியூஎல் 8.4-இல் அந்த முறை இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் அதுவும் இல்லை. ஆகவே பிஹெச்பியை மேம்படுத்துவதே தீர்வு.

போஸ்ட்கிரெஸிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. 14 முதல் கடவுச்சொற்கள் இயல்பாக ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்படுகின்றன. 10-க்கு முந்தைய லிப்பிகியூவுக்கு அது புரியாது. இங்கே பிஹெச்பியின் பதிப்பு பொருட்டே இல்லை. கிளையன்ட் லைப்ரரியைப் புதுப்பிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு குழப்பம்: டெர்மினலில் கடவுச்சொல் இல்லாமலே இணையும், வலையில் மறுக்கும். சாக்கெட் வழியான "பியர்" அங்கீகாரம் யூனிக்ஸ் பயனர் பெயரைப் பார்க்கிறது. டெர்மினலில் ஓடுவது நீங்கள். வலையில் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா போன்ற வேறொரு பயனர்.

ஆரக்கிள்?

பொறுமை வேண்டும். இன்ஸ்டன்ட் கிளையன்ட்டில் "பேசிக்", "எஸ்டிகே" இரண்டு தொகுப்புகளையும் இறக்கி ஒரே அடைவில் விரித்து, அதன் பிறகே ஓசிஐ8 தொகுக்க முடியும். தொகுப்பு முடிந்தும் "லிப்சிஎல்என்டிஎஸ்ஹெச்.எஸ்ஓ" கிடைக்கவில்லை என்று வரும். எல்டி_லைப்ரரி_பாத் மாறியை (முழுவதும் பெரிய எழுத்து) உங்கள் ஷெல்லில் வைத்தால் டெர்மினலில் சரியாகும், எஃப்பிஎம்மில் ஆகாது. சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு உங்கள் ஷெல்லின் மாறிகள் போய்ச் சேருவதில்லை. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, அதில் இன்ஸ்டன்ட் கிளையன்ட் பாதையை எழுதி, "எல்டிகான்ஃபிக்" ஓட்டினால் இரண்டுக்கும் சேர்த்து வேலை முடிந்தது.

உபுண்டு 24.04-இல் கூடுதலாக ஒரு முள். ஆரக்கிள் தேடுவது லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 என்ற கோப்பை. அங்கே அந்த நூலகத்தின் பெயர் 1டி64 என்று முடிகிறது. பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட வேண்டும். ஆல்பைனில் முயலவே வேண்டாம்: இன்ஸ்டன்ட் கிளையன்ட் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்துக்குக் கட்டப்பட்டது, ஆல்பைனில் அதற்குப் பதிலாக இருப்பது மசல்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரோடு லினக்ஸிலிருந்து பேச முடியுமா?

முடியும், இரண்டு வழியில். ஒன்று ஃப்ரீடிடிஎஸ் நூலகத்தின் மேல் ஓடும் பிடிஓ_டிபிலிப். டெபியனில் இது பிஹெச்பி-சைபேஸ் என்ற பழம்பெயரில் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர். இதில் மூன்று அடுக்கு: கீழே யூனிக்ஸ்ஓடிபிசி, நடுவில் மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி டிரைவர், மேலே பெக்கலிலிருந்து வரும் எஸ்கியூஎல்எஸ்ஆர்வி, பிடிஓ_எஸ்கியூஎல்எஸ்ஆர்வி. புதிய திட்டம் என்றால் இரண்டாவதையே எடுப்பேன்.

நிறுவியதும் சான்றிதழ் பிழை வந்தால் பதறாதீர்கள். ஓடிபிசி டிரைவர் 18 முதல் மறைகுறியாக்கம் இயல்பாகவே கட்டாயம். சர்வரில் இருப்பதோ பெரும்பாலும் தானே கையொப்பமிட்ட சான்றிதழ். சோதனைக் கணினியில் இணைப்பு வரியில் "ட்ரஸ்ட்சர்வர்சர்டிஃபிகேட்" என்பதை இயக்கித் தாண்டலாம். நிஜத் தளத்தில் முறையான சான்றிதழ் போடுங்கள். அடுக்குகளில் எது சொதப்புகிறது என்று பார்க்க "ஓடிபிசிஇன்ஸ்ட் -ஜே" அடித்தால் அமைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும்.

எஸ்கியூலைட்டுக்கு சர்வரே இல்லையே, அதிலும் என்ன பிரச்சினை வரும்?

எழுத்து அனுமதி. தரவுத்தளக் கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. அது இருக்கும் அடைவிலும் வலை சர்வரின் பயனர் எழுத முடிய வேண்டும். எஸ்கியூலைட் தன் ஜர்னல் கோப்பை அதே அடைவில் பக்கத்திலேயே உருவாக்குகிறது.

தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன. டிரைவர் சரியில்லையா?

டிரைவர் சரிதான். இணைப்பின் எழுத்துக்குறி முறையை நீங்கள் சொல்லவில்லை. பிடிஓ இணைப்பு வரியில் "சார்செட்=யுடிஎஃப்8எம்பி4" சேருங்கள்; மைஎஸ்கியூஎல்ஐ என்றால் செட்_சார்செட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட் என்பதால் மைஎஸ்கியூஎல்லின் பழைய "யுடிஎஃப்8" முறையிலும் அடங்கிவிடும். 4 பைட் எமோஜி ஒன்று வந்து விழும் நாளில்தான் அது உடையும். முதலிலேயே எம்பி4 போட்டுவிடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை திரும்பி வராது.

பகிர்வு ஹோஸ்டிங். ரூட் அனுமதி இல்லை. என்ன செய்வது?

கட்டுப்பாட்டுப் பலகையில் பிஹெச்பி எக்ஸ்டென்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் ஒரு டிக் போட்டாலே முடிந்துவிடும். இல்லையென்றால் ஆதரவுக் குழுவிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது "டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். எந்த எக்ஸ்டென்ஷன், எந்த பிஹெச்பி பதிப்பு, வலைக்கா கிரானுக்கா என்று மூன்றையும் எழுதுங்கள். ஒருமுறை நான் பதிப்பைச் சொல்லாமல் விட்டேன். அவர்கள் சிரத்தையாக டிரைவரைப் போட்டுக்கொடுத்தார்கள், என் தளம் பயன்படுத்தாத பதிப்புக்கு. அதைப் பேசித் தெளிய இரண்டு நாள் ஆனது.

பிஹெச்பியை மேம்படுத்தியதும் எல்லா டிரைவரும் காணாமல் போய்விட்டன!

எங்கும் போகவில்லை. பழைய பதிப்பின் அடைவில் அப்படியே இருக்கின்றன. 8.2-இலிருந்து 8.3 போன்ற தாவலில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் புதிய பதிப்புக்கு மறுபடி நிறுவ வேண்டும். 8.3.4-இலிருந்து 8.3.6 போன்ற சின்ன மாற்றத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மேம்படுத்தும் முன் "பிஹெச்பி -எம்" வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய பதிப்பின் பட்டியலை அதோடு "டிஃப்" செய்தால் விடுபட்டவை வரிசையாக வந்து நிற்கும். கம்போஸர் (பிஹெச்பி நூலகங்களை நிர்வகிக்கும் கருவி) பயன்படுத்தினால் "கம்போஸர் செக்-பிளாட்ஃபார்ம்-ரெக்ஸ்" கட்டளையும் உதவும். ஆனால் அதுவும் டெர்மினல் பிஹெச்பியைத்தான் பார்க்கிறது. எஃப்பிஎம்மை உலாவியில் தனியாகப் பார்த்தாக வேண்டும்.